காசோலையில் யார் கையெழுத்து? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: மனதில் பட்டதைப் பேசும் விளையாட்டு வர்ணனையாளர்களும், அவர்களோடு மல்லுக்கு நிற்கும் சேனல்களும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

ஒரே ஒரு ட்வீட்டுக்காக கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினேக்கரை பிபிசி வேலையை விட்டுத் துரத்தியது நியாயமா? – திருச்சி

இரண்டு சம்பவங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். 2023 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசின் அகதிகள் கொள்கையைப் பற்றி ட்வீட் போட்டார். அரசு பேசும் மொழி 1930களின் ஜெர்மனியை நினைவூட்டுகிறது என்பது அதன் சாரம். பிபிசி அவரை நிகழ்ச்சியிலிருந்து ஒதுக்கி வைத்தது. இயன் ரைட், ஆலன் ஷியரர் என்று சக விமர்சகர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அந்தச் சனிக்கிழமை லினேக்கரின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சி தொகுப்பாளரும் இல்லாமல், வர்ணனையும் இல்லாமல் வெறும் 20 நிமிடம் ஓடியது. திங்கட்கிழமையே பிபிசி இறங்கிவந்தது. அந்த மோதலில் வேலை போகவில்லை, வென்றவர் அவர்தான்.

அவர் வெளியேறியது 2025 மே மாதம். சியோனிசம் (யூதர்களுக்குத் தனி நாடு என்ற இயக்கம்) பற்றிய ஒரு பதிவை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார், அதில் எலிப் படம் இருந்தது. யூதர்களை இழிவுபடுத்த நாஜிகள் பயன்படுத்திய உருவகம் அது. தெரியாமல் பகிர்ந்தேன் என்று மன்னிப்புக் கேட்டும் நிலைமை சீராகவில்லை. முதல் முறை தோளோடு தோள் நிற்கச் சக ஊழியர்கள் இருந்தார்கள், இரண்டாம் முறை அப்படி ஒரு அணி திரளவில்லை. ஆண்டுக்கு 13 லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கியவர். ஆனாலும் நிரந்தர ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். எந்த விவகாரத்தைப் பேசுவதற்கு முன்பும் இதைப் பாருங்கள்: காசோலையில் யார் கையெழுத்து, எந்த ஒப்பந்தத்தின் பேரில்?

கருத்துச் சுதந்திரம் அரசியல் சட்டத்திலேயே இருக்கும்போது சேனல் எப்படித் தடுக்கலாம்? – சேலம்

அடிப்படை உரிமை அரசின் கையைக் கட்டுவது. உங்கள் முதலாளி கையை ஒப்பந்தம்தான் கட்டும். அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலின் தொகுப்பாளர் ஜெமெல் ஹில் 2017 செப்டம்பரில் டிரம்பை வெள்ளை இனவெறியர் என்று எழுதினார். வெள்ளை மாளிகை ஊடகச் செயலாளர் மேடையில் நின்று, இது வேலைநீக்கத்துக்குரிய குற்றம் என்றார். உரிமைக் கேள்வி எழுவது அங்கேதான், பேசியது அரசு. அடுத்த மாதம் ஈஎஸ்பிஎன் அவரை இரண்டு வாரம் இடைநீக்கம் செய்தது வேறு கணக்கு. அதற்குக் காரணமான ட்வீட் டிரம்பைப் பற்றியதுகூட இல்லை. டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் உரிமையாளர் மீது கோபம் உள்ள ரசிகர்கள் அந்த அணியின் விளம்பரதாரர்களைப் புறக்கணிக்கலாம் என்ற தொனியில் எழுதியிருந்தார். ஜனாதிபதியைத் திட்டியபோது தப்பியவர், விளம்பரதாரரைத் தொட்டதும் மாட்டினார்.

வர்ணனையாளர்கள் மைக் அணைந்திருக்கும்போது பேசியதற்குத் தண்டிப்பது சரியா? – நாகர்கோவில்

சரி. 2006இல் கொழும்பு டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் முஸ்லிம் வீரர் ஹாஷிம் அம்லாவை வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ் ‘பயங்கரவாதி’ என்றார். விளம்பர இடைவேளை என்று நினைத்துப் பேசியது தென்னாப்பிரிக்காவில் நேரலையில் போய்விட்டது. டென் ஸ்போர்ட்ஸ் சேனல் அவரை உடனே நீக்கியது. அதை அடக்குமுறை என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். மைக் எப்போதும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்தே உட்காருங்கள்.

ஹர்ஷா போக்ளே, மஞ்ச்ரேக்கர் இருவரையும் சேனல் ஏன் நீக்கியது? – மதுரை, கோவை, யாழ்ப்பாணம்

சேனல் நீக்கவில்லை. பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன், இன்னும் கடிதங்களில் ‘சேனல், சேனல்’ என்றே வருகிறது.

இந்தியாவில் நடக்கும் சர்வதேசத் தொடர்களையும் ஐபிஎல்லையும் படம்பிடிக்கும் ஏற்பாடு கிரிக்கெட் வாரியத்தின் கையில் இருக்கிறது. பிரதான ஆங்கில வர்ணனைக் குழுவும் வாரியத்தின் ஒப்பந்தத்தில் வருவதுதான். திரையின் மூலையில் சேனலின் முத்திரை தெரிகிறது, அதனால் பேசுகிறவர் சேனலின் ஆள் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். உண்மையில் ஆட்டத்தை நடத்துகிறவர், அணியைத் தேர்ந்தெடுப்பவர்களை நியமிக்கிறவர், மைதானம் சரியில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர், வர்ணனையாளருக்குச் சம்பளம் தருகிறவர், எல்லாம் ஒருவரே.

2016 ஐபிஎல் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது ஹர்ஷாவின் பெயர் குழுவிலிருந்து காணாமல் போனது. அந்த ஆண்டு ஏலத்தில்கூட இருந்தவர். சில வாரங்களுக்கு முன் அமிதாப் பச்சன், இந்திய வர்ணனையாளர் ஒருவர் எதிரணியையே அதிகம் புகழ்கிறார் என்ற பொருளில் யார் பெயரும் சொல்லாமல் ட்வீட் போட்டிருந்தார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று தோனி வழிமொழிந்தார். பலரும் இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட்டார்கள். வாரியம் காரணம் சொல்லவில்லை. தனக்கே காரணம் தெரிவிக்கப்படவில்லை என்று ஹர்ஷாவே எழுதினார். அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்தார், அதற்கும் விளக்கம் இல்லை.

மஞ்ச்ரேக்கர் கதை 2019 உலகக் கோப்பையில் தொடங்கியது. ஜடேஜாவை ‘பேட்டிங்கில் கொஞ்சம், பவுலிங்கில் கொஞ்சம் என்று ஒப்பேற்றுகிறவர்’ என்ற பொருளில் பேசினார். ஜடேஜா ட்விட்டரில் கொதித்தார். பிறகு அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 77 ரன் அடித்து மட்டையாலும் பதில் சொன்னார். என் கணிப்பு தப்பிவிட்டது என்று மஞ்ச்ரேக்கர் ஒப்புக்கொண்டார். ஒரு விமர்சகரும் ஒரு ஆட்டக்காரரும் மோதி, மைதானமே தீர்ப்பு சொல்லிவிட்டது. விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாரியத்தின் குழுவில் அவர் இல்லை. ஐபிஎல்லுக்காவது சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் வகுக்கும் விதிகளின்படி நடக்கிறேன் என்று அவர் வாரியத்துக்கு எழுதியதாகச் செய்தி வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 37 டெஸ்ட் ஆடிய மனிதர், கருத்துச் சொன்னதற்காக அப்படி எழுத வேண்டி வந்ததே!

அதே ஆண்டு நவம்பரில் இந்தியா ஆஸ்திரேலியா போனபோது சோனியின் குழுவில் அவர் இருந்தார். கேள்விக்கு விடை இங்கேதான். வெளிநாட்டுத் தொடரில் இந்தியச் சேனல் தன் ஆட்களைத் தானே எடுக்கிறது. அதே ஆள், அதே வாய். காசோலையின் கையெழுத்து மட்டும் வேறு.

நான் தயாரிப்பு அறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தொடரில் ஆடுகளம் படுமோசம். வர்ணனையாளர் அதைச் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் காதில் குரல்: “பிட்ச்சை விடுங்க சார், ஸ்கோருக்கு வாங்க.” விட்டுவிட்டார். தேநீர் இடைவேளையில் என்னிடம், “பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்பா” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரை அந்த இடத்தில் உட்கார வைத்த ஏற்பாட்டின் மீதுதான். குறைந்தபட்சம் ‘இந்த வர்ணனையாளர்கள் வாரியத்தின் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள்’ என்று திரையில் ஒரு வரி போடுங்கள். ஒரு பைசா செலவில்லை.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் பாட் மெக்காஃபியை ஈஎஸ்பிஎன் ஏன் இன்னும் வேலையை விட்டுத் தூக்கவில்லை? அதிகாரியையே திட்டியவர் ஆயிற்றே! – சென்னை

வாட்ஸ்அப்பில் வந்த துண்டை அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், தேதிகூட இல்லை. ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டு எழுதக் கூடாதா? நடந்தது 2024 ஜனவரி. நார்பி வில்லியம்சன் என்ற மூத்த அதிகாரி தன் நிகழ்ச்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று பெயர் சொல்லி நேரலையில் குற்றம் சாட்டினார் மெக்காஃபி. அவர் மற்றவர்களைப் போன்ற ஊழியர் அல்ல. நிகழ்ச்சி அவருடைய சொந்தச் சரக்கு, சேனல் 5 ஆண்டுக்குச் சுமார் 8.5 கோடி டாலர் கொடுத்து உரிமம் எடுத்திருப்பதாகச் செய்தி. உரிமத்தை ரத்து செய்தால் நிகழ்ச்சி வேறு வீட்டுக்குப் போகும், ரசிகர்களும் கூடவே போவார்கள். வில்லியம்சன் சுமார் 40 ஆண்டு வேலைக்குப் பின் அந்த ஏப்ரலில் வெளியேறினார்.

பில் சிம்மன்ஸ் மோதலில் தோற்றவர்தானே? – ஈரோடு

ஈஎஸ்பிஎன்னில் இருந்த பத்திரிகையாளராக அவர் பக்கம் நியாயம் இருந்தது. மனைவியாகப் போகிறவரை அடித்த ஆட்டக்காரர் ரே ரைஸ் விவகாரத்தில், அமெரிக்கக் கால்பந்து லீகின் ஆணையர் ராஜர் குடெல் பொய்யர் என்று 2014 செப்டம்பரில் தன் பாட்காஸ்ட்டில் சொன்னார். முடிந்தால் என் மீது நடவடிக்கை எடுங்கள் என்று ஈஎஸ்பிஎன்னுக்கே சவாலும் விட்டார். மூன்று வாரம் இடைநீக்கம். ரைஸுக்கு லீக் முதலில் கொடுத்த தண்டனை இரண்டு ஆட்டம்! அந்த லீகின் திங்கள் இரவு ஆட்டங்களுக்கு ஈஎஸ்பிஎன் ஆண்டுக்கு ஏறக்குறைய 190 கோடி டாலர் கொடுத்துவந்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள். அடுத்த மே மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றார்கள். ஈஎஸ்பிஎன்னில் அவர் வளர்த்த கிராண்ட்லேண்ட் இணையதளம் அக்டோபரில் மூடப்பட்டது. 2016இல் ‘தி ரிங்கர்’ என்ற சொந்தத் தளம் தொடங்கினார், 2020இல் ஸ்பாட்டிஃபை அதைப் பெருந்தொகைக்கு வாங்கியது. தோற்றவர்கள் என்றால் கிராண்ட்லேண்டில் வேலை இழந்த எழுத்தாளர்களும் உதவி ஆசிரியர்களும்தான். அவர்களைப் பற்றி ஒரு கடிதமும் வருவதில்லை.

உள்ளூர் டி20 தொடருக்குத் தமிழ் வர்ணனை செய்கிறேன். என் யூடியூபில் அந்தத் தொடரின் ஏற்பாட்டாளர்களை விமர்சிக்கலாமா? – திண்டுக்கல்

ஒப்பந்தத்தை இணைக்காமல் கேட்கிறீர்களே, நான் ஜோசியமா பார்ப்பது? கையெழுத்துப் போட்ட தாளை முதலில் எடுத்துப் படியுங்கள். மூன்று இடங்களைத் தேடுங்கள்: வேறு ஊடகத்தில் பேச முன் அனுமதி வேண்டுமா, ஏற்பாட்டாளர் பெயருக்குக் களங்கம் வரக் கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா, காரணம் சொல்லாமல் எத்தனை நாள் நோட்டீஸில் விலக்கலாம். மூன்றாவதில் ‘உடனடியாக’ என்று இருந்தால் முதல் இரண்டும் இல்லாவிட்டாலும் பயனில்லை. வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வேலை, தாளே இல்லை என்றால், அடுத்த ஆட்டத்துக்கு முன் எழுதி வாங்குங்கள். பிறகு யூடியூபைப் பற்றி யோசிக்கலாம்.

கட்டுப்பாடு பிடிக்காமல் வாய்ப்பையே வேண்டாம் என்றவர் யாராவது உண்டா? – தஞ்சாவூர்

உண்டு, முன்னாள் ஆஸ்திரேலிய கேப்டன் இயன் சேப்பல். 2013இல் ஆஸ்திரேலியா இந்தியா வந்தபோது வர்ணனைக்கு அழைப்பு வந்தது. டிஆர்எஸ் (நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் முறை), அணித் தேர்வு, நிர்வாகம், இந்த மூன்றையும் பேசக் கூடாது என்று சொல்லப்பட்டதால் மறுத்துவிட்டார்.