ஏழரைக்குக் கால் குறைச்சல்

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் ராப் கேட்காத பையனே கிடையாது. ஹனுமான்கைண்ட், வேடன், அறிவு, பால் டப்பா, அசல் கோலார் என்று ஒவ்வொருத்தரும் தீயாக இருக்கிறார்கள். வாரத்துக்கு நாலு புதுப் பையன்கள் பாட்டு விடுகிறார்கள், எல்லாமே வேற லெவல். உங்கள் இதழில் மட்டும் இன்னும் பழைய சினிமாப் பாட்டே ஓடிக்கொண்டிருக்கிறது. என் அப்பா ராப்பைக் ‘கத்தல்’ என்கிறார். ராப் கவிதையா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். நான் எழுதிய 16 வரியும் இணைத்திருக்கிறேன். பெயர் போடாதீர்கள். அப்பா உங்கள் இதழ்தான் வாங்குகிறார், இந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்.

— கொழிஞ்சாம்பாறை வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கவிதைதான்.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். இதோடு நிறுத்தினால் நீங்கள் இந்தப் பக்கத்தை வெட்டி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் கொஞ்சம் உட்காருங்கள், தம்பி.

மூன்று பக்கக் கடிதம். அதில் பாடகர் பெயர்கள் இருக்கின்றன, யாருக்கு எத்தனை கோடி பார்வை என்பது இருக்கிறது, யார் யாரை டிஸ் செய்தார், அதாவது பாட்டிலேயே திட்டினார், என்ற வழக்கு விவரம் இருக்கிறது. ‘தீ’ என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணினேன். ஒரு பாட்டிலிருந்தாவது ஒரு வரியை எடுத்து, “இதைப் பாருங்கள், எப்படிச் சொல்லியிருக்கிறான்” என்று காட்டியிருக்கிறீர்களா? இல்லை. கவிதையா என்று என்னைக் கேட்கிறீர்கள், ஆனால் சாட்சிக் கூண்டில் ஏற்ற ஒரு வரியைக்கூடக் கொண்டுவரவில்லை.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் கோபாலபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் உங்கள் வயதுப் பையன். காதில் ஒயர், கட்டைவிரலால் சீட்டுக் கம்பியில் தாளம். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. பாட்டு வேகமெடுக்கும் இடம் வந்ததும் உதடு தடுமாறி, வரிக்குக் கடைசிச் சொல்லை மட்டும் கவ்விக்கொண்டு மறுபடி ஓடியது. இறங்கும்போது, “தம்பி, அந்த வேகமான இடத்தில் என்ன சொல்கிறான்?” என்றேன். “அது ஃப்ளோ சார்” என்றான். தப்பான பதில் இல்லை. நாதஸ்வரத்துக்கு அர்த்தம் கேட்டா தலையாட்டுகிறோம்? ஆனால் அந்தப் பையன் கவிதை என்று சண்டைக்கு வரவில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

சரி, உங்கள் 16 வரிக்கு வருகிறேன். முதல் நான்கு:

வந்தேன் நின்னேன் ஜெயிச்சேன்
வடசென்னைத் தெருவுல சிரிச்சேன்
வெறுத்தவன் முகத்துல அடிச்சேன்
வேற லெவல் கதைய முடிச்சேன்

முதல் இரண்டு வரியின் தொடக்கத்தில் வ, வ. அடுத்த இரண்டில் வெ, வே. மோனை. தெரிந்து வைத்தீர்களா, தானாக விழுந்ததா? தானாக விழுந்திருந்தால் உங்களுக்குக் காது நன்றாகவே இருக்கிறது. நல்லது இதோடு முடிந்தது.

ஜெயிச்சேன், சிரிச்சேன், அடிச்சேன், முடிச்சேன். இந்த வழியில் குளிச்சேன், கடிச்சேன், படிச்சேன் என்று பாலக்காடு வரைக்கும் போய்த் திரும்பி வரலாம், டீசல்கூடத் தீராது. இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கு வரிக் கடைசியில் ஓசை ஒத்துப்போக ஒரு சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அவனுடைய வினைச்சொல்லுக்கு ‘ஏன்’, ‘ஆன்’, ‘ஆள்’ என்ற வால் கிடையாது. தேடிப் பிடிப்பதால் அங்கே அது சாமர்த்தியம். தமிழில் வினைச்சொல் எல்லாம் ஒரே வாலோடுதான் பிறக்கின்றன. நாலு வினையை அடுக்கினால் இயைபு, அதாவது வரிக் கடைசி ஓசை ஒத்துப்போவது, இலவசம். இலவசமாகக் கிடைத்ததைக் காட்டிக் கைதட்டல் கேட்கக் கூடாது.

தமிழ் தன் சாமர்த்தியத்தை வரியின் தலையில் வைத்திருக்கிறது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். ஆடி, தேடி: முதல் எழுத்து இரண்டும் நெடில், இரண்டாம் எழுத்து ஒன்றே. இதுதான் எதுகை. நாலே சொல்லில் ஒரு விவசாயத் துறை அறிக்கையை அடைத்துவிட்டான், எழுதியவன் பெயர்கூடத் தெரியாது. பீட் ஓடும்போது தட்டு விழும் இடத்தில் ‘ஆடி’யும் அடுத்த தட்டில் ‘தேடி’யும் விழுவதைச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தவர்களில் நன்றாக எழுதுகிறவர்களைத் திரும்பக் கேளுங்கள். வரிக் கடைசியை விட்டுவிட்டு வரித் தொடக்கத்தைக் கவனியுங்கள். யார் உழைத்திருக்கிறார், யார் வால் பிடித்திருக்கிறார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த வடசென்னை. போயிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்திலேயே “கோயமுத்தூர் தாண்டியதில்லை” என்று இருக்கிறது. போகாத தெருவில் எப்படித் தம்பி சிரித்தீர்கள்?

உங்கள் ராப்புக்குத் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்த கதையை ஒரு நிமிடம் பார்ப்போம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520 எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளி திறக்கப் போகிறது, ஒரு பெண்ணுக்குப் புது உடுப்பு வாங்கப் பணம் வேண்டும். கட்டிடத்தின் பொது அறையை வாடகைக்குப் பிடித்து விருந்து வைக்கிறாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டு சுழற்றியது அவளுடைய அண்ணன், கூல் ஹெர்க். பாட்டில் ஆட்டத்துக்குத் தோதான தாளத் துண்டை மட்டும் நீட்டி நீட்டிப் போட்டான். மைக்கைப் பிடித்த கோக் லா ராக் பாடவில்லை. கூட்டத்தில் நின்ற கூட்டாளிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவ்வளவுதான். ராப்பின் முதல் சரக்கே அந்த அறையில் நின்ற ஆட்களின் பெயர்தான். அடுத்த ஊரின் தெருப் பெயர் கிடையாது.

நீங்கள் பட்டியலிட்டவர்களையே பாருங்கள். அறிவு அரக்கோணத்துக்காரர். ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரா வந்துவிடும். 2021இல் ஊரெல்லாம் ஒலித்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டுக்கு அவர் எடுத்த சரக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கை. வேடனின் தாய் யாழ்ப்பாணத் தமிழர். மகன் மலையாளத்தில் 2020இல் விட்ட முதல் பாட்டிலேயே நிலத்தையும் சாதியையும்தான் பேசினார். “தமிழ் ராப்பே கோயமுத்தூரில்தான் பிறந்தது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் சரியில்லை. உங்கள் கோயமுத்தூர்க் குழு ஹிப்ஹாப் தமிழா ஆல்பம் போடுவதற்கு முன்பே, 2006இல், மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா குழுவினர் முழு ஆல்பம் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் தொண்ணூறுகளிலேயே யோகி பி அங்கே ஒரு குழுவில் ராப் செய்துகொண்டிருந்தார்.

ஹனுமான்கைண்ட் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 2024இல் வந்த அவருடைய ‘பிக் டாக்ஸ்’ பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 23ஆம் இடம் வரை ஏறியது, “அமெரிக்கா லெவல்” என்கிறீர்கள். அந்த வீடியோவில் பைக்கும் காரும் சுவரில் சுற்றுகின்றனவே, அந்த மரணக்கிணறு எங்கே இருந்தது தெரியுமா? பொன்னானியில். உங்கள் தாலுகா வழியாகப் போகும் சித்தூர்ப்புழைத் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து கடலைச் சேர்வதும் அதே பொன்னானியில்தான். அமெரிக்கா லெவல் என்று நீங்கள் அண்ணாந்து பார்த்த இடத்துக்கு உங்கள் ஊர்த் தண்ணீர் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சொல்ல ஒரு வரி உங்களிடம் இல்லை. வடசென்னை இருக்கிறது.

இரண்டு மொழி கலந்து பேசுவது உங்களுக்குக் கூச்சம் போலிருக்கிறது. “எங்க தமிழ் அவ்வளவு சுத்தம் இல்ல சார்” என்று வேறு மன்னிப்பு. யார் கேட்டது? பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமியக் கூத்தான பொறாட்டு நாடகம் பார்த்திருக்கிறீர்களா? அறுத்த வயலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், மூட்டுவலி மிச்சம் என்றாலும் பழுதில்லை. வேடம் கட்டியவர் வந்ததும் கேள்வி கேட்கிற சோத்யக்காரன் மறிக்கிறான். நீ யார், எங்கிருந்து வருகிறாய், என்ன காரியம்? கேள்விக்குக் கேள்வி வந்தவர் பாட்டாலும் பேச்சாலும் மடக்குகிறார். பாதி தமிழ், பாதி மலையாளம். எந்த இடத்தில் மொழி மாறுகிறதோ அந்த இடத்தில்தான் கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது. உடனே “அப்போதே நம்மிடம் ராப் இருந்தது” என்று சொல்ல வருகிறேன் என நினைக்காதீர்கள், அந்தப் பேச்சு எனக்கும் அலுத்துவிட்டது. விடிந்தபின் டீக்கடையில் இரண்டு பேர் சோத்யக்காரன் மடங்கிய வரியைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை.

உங்களிடம் இருக்கும் சரக்கு சென்னைப் பையனுக்குக் கிடைக்காது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ‘வெள்ளம் வந்துருச்சு’ என்று பாலக்காட்டில் சொன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பொள்ளாச்சியில் சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ‘பறை’ என்றால் அங்கே ‘பேசு’, இங்கே கொட்டு. எல்லையில் பிறந்தவனுக்கு ஒரே சொல்லில் இரண்டு அடி அடிக்க முடியும். பஞ்ச்லைன் என்று நீங்கள் சொல்வது இதைத்தானே?

எண் வேண்டுமா, அதுவும் தருகிறேன். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு ஆண்டுக்கு வரவேண்டியது 7.25 டி.எம்.சி. வந்ததா வரவில்லையா என்று தமிழ்நாடும் கேரளமும் மல்லுக்கு நிற்பதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஏழேகால். ஏழரைக்குக் கால்தான் குறைச்சல்! இதை நான் ராப்பில் போட்டால் பேரன் சிரிப்பான். நீங்கள் போட்டால் சித்தூர் தாலுகாவே திருப்பிச் சொல்லும். எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

கடிதத்தின் அடியில் வேறு பேனாவில், அவசரமாக, இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “பாதியில் நிறுத்திட்டேன், மன்னிக்கவும். தண்ணி லாரி வந்துச்சு. பாட்டி கூட ஓடினேன். கொடம் நெறையல, ஆரன் அடிச்சுட்டான்.”

‘கொடம் நெறையல, ஆரன் அடிச்சுட்டான்.’ இதை மேஜையில் தட்டிச் சொல்லிப் பார்த்தேன். அச்சுக்கோர்க்கும் தம்பி எட்டிப் பார்த்து, “என்ன சார் பாட்டு?” என்றார். மூன்று பக்கத்தில் உங்கள் ஒரே வரி இதுதான். பாட்டி இருக்கிறாள், குடம் இருக்கிறது, லாரிக்காரனின் அவசரம் இருக்கிறது. மேலே இருக்கும் பதினாறில் இருப்பது நீங்கள் மட்டும்தான், அதுவும் வடசென்னையில்.

உங்கள் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை, எப்படியும் படிக்கப் போகிறார். ஐயா, வேகமாகச் சொல்வதெல்லாம் கத்தல் இல்லை. பையன் பீட்டை நிறுத்திவிட்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டினால் ஐந்து நிமிடம் கேளுங்கள். “அப்புறம்?” என்று உங்கள் வாயில் வந்தால் அவன் ஜெயித்தான். வராவிட்டால் அவன் திருத்தி எழுதட்டும்.

தம்பி, அந்த லாரி வரியை முதல் வரியாக வைத்துப் புதிதாக 16 வரி எழுதி அனுப்புங்கள். ‘வெள்ளம்’ ஒரு முறையாவது வர வேண்டும். ‘ஏன்’ என்று முடியும் வரி இரண்டுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். நன்றாக இருந்தால் இதே பக்கத்தில் போடுகிறேன். பெயர் போடுவதா வேண்டாமா என்பதை அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.