போர் அகதிகள் மத்தியில் ஊழியம் செய்ய வெளிநாடு போகும் அழைப்பு உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியதன் சுருக்கம் இது: வயது 23, நர்சிங் முடித்து ஒரு வருடமாக வேலை பார்க்கிறார், போரில் வீடிழந்து எல்லை தாண்டிய பெண்களையும் பிள்ளைகளையும் பற்றிக் கேட்ட நாளிலிருந்து ஜெபத்தில் உட்கார்ந்தாலே அவர்கள் ஞாபகம்தான் வருகிறது, அம்மா அழுகிறார், சபையில் சிலர் "இது வெறும் உணர்ச்சிவசம்" என்கிறார்கள். இது ஆண்டவர் கொடுத்த பாரமா, என் மனசு செய்கிற வேலையா?

நான் 2019 தொடக்கத்திலிருந்து 2021 நடுப்பகுதி வரை வடக்கு உகாண்டாவில், யும்பே மாவட்டத்தில் இருக்கும் பிடிபிடி என்ற அகதிகள் குடியிருப்பில் நர்ஸாக இருந்தேன். நான் பார்த்தது அந்த ஓர் இடத்தைத்தான். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் எனக்கு அழைப்பு எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெரிய தரிசனமோ குரலோ எதுவும் இல்லை. 2016 ஜூலையில் தென் சூடான் தலைநகர் ஜூபாவில் மறுபடி சண்டை வெடித்தது. 2011ல்தான் சுதந்திரம் அடைந்த நாடு, 2013 டிசம்பரிலேயே உள்நாட்டுப் போரில் விழுந்துவிட்டது. இந்த முறை சண்டை தெற்கே யேய், மொரோபோ, லைன்யா பக்கமெல்லாம் பரவி, ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நடந்தே உகாண்டாவுக்குள் வந்தார்கள். எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒருவர் அந்தச் செய்தியை வாசித்தார். மற்றவர்களைப் போல நானும் ஜெபித்தேன். ஆனால் அடுத்த வாரமும் அது என்னை விடவில்லை, அதற்கடுத்த மாதமும் விடவில்லை. அவ்வளவுதான்.

2017ல் ஒரு கிறிஸ்தவ நிவாரண அமைப்புக்கு விண்ணப்பித்தேன். என்னை எடுக்கவில்லை. நேர்காணல் செய்த அம்மா கேட்ட ஒரு கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: "நீ எங்கேயும் போக முடியாமல் போனால், அடுத்த ஐந்து வருடம் இங்கே என்ன செய்வாய்?" என்னிடம் பதில் இல்லை. இருக்கிற இடத்தில் எனக்கு எதுவுமே அர்த்தமாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை, அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அழைப்பு இருந்தது, அதோடு ஓடிப்போகிற ஆசையும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மனசில் இருக்கலாம், அதற்காக அழைப்பு பொய்யாகிவிடாது. பிரசவ வார்டிலும் சமூக சுகாதாரப் பணியிலும் அனுபவம் சேர்த்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். அன்றைக்கு அழுதேன். இப்போது அவர்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் 2017ல் இருந்த நான் அங்கே போயிருந்தால் யாருக்காவது கெடுதல்தான் செய்திருப்பேன்.

பிடிபிடி என்றதும் கம்பிவேலி போட்ட கூடார வரிசையை நினைத்துக்கொள்ள வேண்டாம். 2016 ஆகஸ்டில் திறந்தார்கள், டிசம்பரில் இனி ஆள் சேர்க்க இடமில்லை என்று மூடினார்கள், அந்தச் சில மாதங்களுக்குள் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்துவிட்டார்கள். புதர்க்காடாக இருந்த நிலத்தை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, குடும்பத்துக்கு 30 மீட்டருக்கு 30 மீட்டர் அளவில் ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டப்படி அவர்கள் வேலை பார்க்கலாம், நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வேலி கிடையாது. நான் போனபோது மண் வீடுகள், சின்னச் சந்தைகள், மரத்தடியில் பள்ளிக்கூடம், அப்புறம் எங்கே பார்த்தாலும் சபைகள்! ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே என்று அவர்களே கம்பு நட்டு, புல் வேய்ந்து கட்டியவை. கிறிஸ்துவை அங்கே கொண்டுபோகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு முன்னாலேயே யேயிலிருந்து நடந்து வந்துவிட்டார் என்று சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. யும்பே மாவட்டத்தில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், அரிங்கா மொழி பேசுகிறவர்கள். அகதிகளுக்குக் கொடுத்த அந்த நிலம் அவர்களுடைய பரம்பரைப் பொது நிலம். ஏன் கொடுத்தீர்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். 1979ல் இடி அமீன் ஆட்சி விழுந்த பிறகு அந்தப் பகுதியில் பழிவாங்கல் நடந்தபோது, அவர்கள் எல்லை தாண்டி இதே தென் சூடான் பக்கம் ஓடியவர்கள். வருடக்கணக்கில் அங்கேதான் அகதியாக இருந்தார்கள். "அப்போது அவர்கள் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. "நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தபடியால் அந்நியரைச் சிநேகிப்பீர்களாக" என்ற உபாகம வசனத்தைச் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதைக் கைக்கொள்கிற மனிதரை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். அவர் முஸ்லிம். எனக்கு இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை, விளக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

எனக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் நாற்பது வயதை நெருங்கிய ஒரு அக்கா. ஜூபா அரபி, பாரி, ஆங்கிலம் மூன்றும் சரளமாகப் பேசுவார். ஊரில் அவர் மருத்துவச்சி, பதினைந்து வருட அனுபவம். ஓடி வரும்போது சான்றிதழ் போய்விட்டது. உகாண்டாவில் நர்ஸாகவோ மருத்துவச்சியாகவோ வேலை பார்க்க நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்குப் படிப்பின் ஆதாரம் வேண்டும். என்னிடம் காகிதம் இருந்தது, அதனால் நான் நர்ஸ். அவரிடம் இல்லை, அதனால் அவர் என் பேச்சை மொழிபெயர்க்கிறவர். முதல் மாதம் ஓர் இரவு, சூரிய ஒளி விளக்கு மங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளை பெற்ற தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. நான் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அந்த அக்கா கையை வயிற்றில் வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்துவிட ஆரம்பித்திருந்தார். சட்டப்படி அவர் தொடக்கூடாது. தாய் பிழைத்தாள். அன்றைக்குப் பிறகு நான் எதைச் செய்யும் முன்பும் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

இன்னொரு நாள். ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு தடவை கைக்குழந்தையோடு வருவாள், காய்ச்சல் என்பாள். மலேரியா பரிசோதனை செய்தால் இல்லை என்று வரும், உடம்பும் சுடாது. மருந்து ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பாள். கணவனையும் மூத்த மகனையும் வழியில் இழந்தவள் என்று தெரியவந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வசனம் சொன்னேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." மொழிபெயர்க்கச் சொல்லி அக்காவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் போன பிறகு ஏன் என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியும். மூன்றாவது மண்டலத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் அவள்தான்."

யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை என்று மூன்றே வேலைதான் சொல்கிறது. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதே என்றும் சொல்கிறது. அந்தக் கையேட்டைப் பயிற்சியில் படித்துத் தேறியவள் நான். ஆனாலும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது பேசாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு என்னுடையது, அவளுடையது இல்லை. அதற்குப் பிறகு அவள் வரும்போதெல்லாம் வேலை முடிந்ததும் சும்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல மாதம் கழித்து அவளே பேசினாள். என்ன பேசினாள் என்பது இங்கே எழுதுவதற்கு இல்லை.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரடியான பதில் இங்கேதான் இருக்கிறது. நெஞ்சை அடைக்கிற அளவை வைத்து அழைப்பை அளக்காதீர்கள். உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாத இடத்தில், யாரும் நன்றி சொல்லாத நாளில், இன்னொருவர் உங்களைவிட நன்றாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே, அந்த ஜனங்களோடு இருக்க உங்களுக்கு ஆசை இருக்கிறதா? காப்பாற்றப் போகிறேன் என்ற ஆசை இரண்டு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு அந்த ஜனங்கள்மேல் உள்ள பிரியம்தான் உங்களை அங்கே வைத்திருக்கும். இதைச் சோதித்துப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. பக்கத்தில் எங்காவது அகதிகள் இருந்தால் அங்கே போங்கள், இல்லையென்றால் உங்கள் வார்டிலேயே யாரும் பார்க்க வராத நோயாளியிடம் போய் உட்காருங்கள்.

கடினமான காலத்தைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகிவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் உகாண்டா எல்லைகளையும் விமான நிலையத்தையும் மூடியது. வீட்டுக்கு வர வழியில்லை. ஏப்ரலில் நிதி போதாமல் உலக உணவுத் திட்டம் அகதிகளின் ரேஷனை 30 சதவீதம் குறைத்தது. 2021 பிப்ரவரியில் முழு அளவில் 60 சதவீதம்தான் என்று ஆனது. பிள்ளைகளின் ஊட்டச்சத்தை அளக்கக் கையில் சுற்றுகிற வண்ணப் பட்டை இருக்கிறதல்லவா, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு, சத்துப் பசைப் பொட்டலம் கிடைக்கும். மஞ்சளில் நின்ற பிள்ளையின் தாய், அது சிவப்பில் வராதா என்று என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பட்டையைக் கொஞ்சம் இறுக்கியிருந்தால் சிவப்புக்கு வந்துவிடும். இறுக்கினால் அடுத்து வருகிற இன்னும் மோசமான பிள்ளைக்குப் பொட்டலம் இருக்காது. நான் இறுக்கவில்லை. அந்த இரவு ஜெபிக்க முடியவில்லை, பல வாரம் முடியவில்லை. அந்தக் காலத்தில் எனக்காக ஜெபித்தது மரத்தடிச் சபையில் இருந்த அகதிப் பெண்கள்தான். அவர்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு.

பிரசங்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் சபை கேட்கும். 1994ல் செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் சேர்ந்து கொண்டுவந்த நடத்தை நெறி, உதவியை ஒரு மத நிலைப்பாட்டை வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபை மன்றம் எல்லாம் உண்டு. நான் அதை முழு மனசோடு ஏற்றுக்கொள்கிறேன். பசியோடு வரிசையில் நிற்கிறவர் உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரிடம் கேட்பது சாட்சி ஆகாது. நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பார்கள்.

அம்மாவைப் பற்றி. தயவுசெய்து "ஆண்டவர் சொல்லிவிட்டார்" என்று அவர் வாயை அடைக்காதீர்கள். நான் அதைச் செய்தேன், இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன். அம்மாவின் பயத்தில் பாதி நியாயமானது. எங்கே தங்குவாய், நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், சண்டை வந்தால் எப்படி வெளியே வருவாய் என்ற அவருடைய கேள்விகளைத்தான் நீங்கள் அமைப்பிடமும் கேட்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, வெளியேற்றத் திட்டம், வேலை அனுமதி, அகதிகள் விவகாரத்தைப் பார்க்கும் பிரதமர் அலுவலகத்தின் அனுமதி, பாலியல் சுரண்டலைத் தடுக்கும் விதிகளும் புகார் சொல்ல ஓர் ஆளும், ஓய்வு விடுப்பு. இவற்றைக் கேட்டதும் "விசுவாசம் இல்லையா?" என்று திருப்பிக் கேட்கிற அமைப்போடு போகாதீர்கள், எவ்வளவு நல்ல ஜெபம் செய்கிறவர்களாக இருந்தாலும் சரி. அம்மாவையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். என் அம்மா இரண்டாவது நேர்காணலுக்குக் கூடவே வந்தார், என்னைவிட நல்ல கேள்விகளைக் கேட்டார்.

ஒரு வருட அனுபவத்தோடு இப்போது போக வேண்டாம். இன்னும் இரண்டு வருடம் பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் வேலை பாருங்கள். போகிற இடம் முடிவானால் அங்குள்ளவர்களின் மொழியில் முந்நூறு வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள், வலி எங்கே என்று மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்கத் தெரிய வேண்டும். அதற்குள் பாரம் ஆறிவிடுமோ என்று பயப்படுவீர்கள், நானும் பயந்தேன். எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று, குறையவில்லை. உங்களுக்கு ஒருவேளை குறைந்தால் அதையும் ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. அதுவரை தயாரிப்பு பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.