குப்பைத் தொட்டி பாடினால் போதுமா?

கேள்வி: குப்பை போட்டதும் பாட்டுப் பாடி, கைப்பேசிச் செயலியில் புள்ளிகளும் ஏற்றித் தரும் தொட்டி ஒன்றை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்கி வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. அதனால் மக்கள் குப்பையைப் பிரித்துப் போடுவார்களா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: கொஞ்ச நாள் போடுவார்கள். 2009-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், ஒரு விளம்பர முயற்சியாக, ஸ்டாக்ஹோம் பூங்காவில் இருந்த தொட்டி ஒன்றில் உணர்கருவியும் ஒலிபெருக்கியும் பொருத்தியது. உள்ளே போட்ட பொருள் பாதாளத்தில் விழுந்துகொண்டே இருப்பதுபோல நீண்ட சீழ்க்கையும், கடைசியில் மோதும் ஓசையும் கேட்டன. ஒரே நாளில் 72 கிலோ சேர்ந்தது. அருகிலிருந்த சாதாரணத் தொட்டியைவிட இது 41 கிலோ அதிகம். ஆனால் பூங்காவுக்கு நாள்தோறும் புதியவர்கள் வருவார்கள். உங்கள் குடியிருப்பிலோ அதே ஆட்கள் அதே ஓசையைத் தினமும் காலையில் கேட்க வேண்டும். தவிரவும், அந்தத் தொட்டி குப்பையை வாங்கிக்கொண்டதே ஒழிய, பிரிக்கச் சொல்லவில்லை.

வேடிக்கையைவிடக் கைக்குத் திரும்பும் காசு நெடுநாள் வேலை செய்கிறது. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பான பாட்டில்களுக்கு முன்பணம் வாங்குகிறார்கள். இப்போது அது 25 சென்ட். கடையிலுள்ள இயந்திரம் பாட்டிலைச் சுழற்றிப் பட்டைக்குறியைப் படித்துச் சீட்டுக் கொடுக்கிறது; பாட்டெல்லாம் கிடையாது. நம் நீலகிரியில், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022-இல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதும் இதே கணக்குதான்.

உங்களுக்கு என் யோசனை இது. புள்ளி ஏற்றும் செலவில், தூய்மைப் பணியாளர் கையில் ஒரு கைப்பேசியும் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் ஒரு க்யூஆர் குறியும் இருக்கட்டும். பிரித்திருந்தால் பச்சை, கலந்திருந்தால் சிவப்பு என்று அவர் அழுத்தியதும், என்ன கலந்திருந்தது என்ற செய்தி அன்றைக்கே அந்த வீட்டுக்கு மட்டும் போக வேண்டும். அதை வாட்ஸ்அப் குழுவில் கதவு எண்ணோடு போட்டீர்களானால், குப்பை பிரியாது, குடியிருப்புதான் பிரியும். இந்தக் கூடுதல் வேலைக்குப் பணியாளருக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லா வீட்டுக்கும் பச்சையே விழும், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

செய்தி எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு பலன் உண்டு. ‘பிளாஸ்டிக்கைப் பிரியுங்கள்’ என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. பால் கவரின் மூலையை முழுக்க வெட்டி எடுத்தால் அந்தத் துணுக்கு காய்கறித் தோலோடு சேர்ந்து உரக்குழிக்குப் போய்விடுகிறது, ஆகவே துண்டாகாமல் பாதி வெட்டுங்கள், கவரை அலசி உலர்த்துங்கள் என்று சொன்னால் மறுநாளே மாற்றம் தெரியும். அலசிய கவரைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்; புளித்த வாடையோடு வருவதை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். மாதம்தோறும் எத்தனை கிலோ விற்றது, எவ்வளவு வந்தது என்பதை மின்தூக்கிக்குள் ஒட்டுங்கள். அங்கே நிற்பவருக்கு வேறு படிக்க எதுவும் இல்லை.

கேள்வி: ரயில் நிலையத்தில் பாட்டில் நசுக்கும் இயந்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அழைத்துப் போனேன். அது வேலை செய்யவில்லை. இதையெல்லாம் ஏன்தான் வைக்கிறார்களோ?
– பள்ளி ஆசிரியை, பெரம்பூர்

பதில்: காலி பாட்டிலுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று, நசுக்காமல் ஏற்றினால் லாரி காற்றைத்தான் சுமக்கும். வைத்த காரணம் நியாயமானது. ஆனால் அடியிலுள்ள பெட்டி நிரம்பினால் யாராவது காலி செய்தாக வேண்டும், தண்ணீர் மிச்சமிருக்கும் பாட்டில்களைப் போட்டால் உள்ளே ஈரமும் அழுக்கும் சேரும். இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் இயந்திரம் வெறும் இரும்புப் பெட்டிதான். அடுத்த முறை பிள்ளைகளைப் பழைய பேப்பர் கடைக்கு அழைத்துப் போங்கள். பெட் பாட்டிலையும் அதன் மூடியையும் அங்கே எப்படித் தனித்தனியாக வீசுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக், விலையும் வேறு.