பூனைக்கு எவ்வளவு, எத்தனை வேளை? அளந்து போடுங்கள், பட்டினி மட்டும் போடாதீர்கள்

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்து கிலோ ஆண் பூனை, கருத்தடை செய்தது, எந்நேரமும் கத்துகிறது, கத்தினால் அம்மா எதையாவது போட்டுவிடுகிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வேளை போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர், "ரெண்டு மூனு நாள் பட்டினி போடுங்க, தானா வழிக்கு வரும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன். எங்கள் பூனை வெள்ளையன் செத்துப் பிழைத்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கருத்தடை செய்து வீட்டோடு கிடக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 240 கலோரி போதும். 5 கிலோ என்றால் 230 முதல் 280. கடையில் விற்கும் உலர் தீனியில் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆக, உங்கள் பூனைக்கு முழு நாளைக்கும் சேர்த்தே 60 முதல் 75 கிராம்தான். இடுப்பு தெரியாமல் உருண்டையாக இருந்தால் 60லேயே நில்லுங்கள். ஈரத் தீனி 85 கிராம் பை ஒன்று கொடுத்தால் உலர் தீனியில் 20 கிராம் குறைத்துவிடுங்கள்.

வளர்ந்த பூனைக்குக் காலை, மாலை இரண்டு வேளை போதும். அதே அளவை நாலாகப் பிரித்துப் போட்டாலும் நல்லதுதான். எலி பிடித்துப் பிழைக்கும் பூனை சின்னச் சின்னதாக ஏழெட்டுத் தடவை தின்னும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரிதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு மூன்று நாலு வேளை வேண்டும், குட்டியிடம் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. கருத்தடை செய்த பூனைக்குத் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. உங்கள் பூனை கத்துவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் ஒன்று: ஆண் பூனை மண் தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து, சிறுநீர் வராமல் கத்தினால் அது பசி இல்லை, அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறேன். "மனுஷனுக்கே விலைவாசி கழுத்தை நெரிக்குது, இவங்க பூனைக்குக் கிராம் கணக்குப் பார்க்கிறாங்க" என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். என் வீட்டு மூன்று பேரும் என் சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் பூனைக்கு மிச்சம். அளந்து போட ஆரம்பித்த பிறகு தீனிச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது, அதையும் சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், டவுன் ஓரத்துத் தரை வீடு. காலை ஐந்தரைக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது அரை பால் டின் தீனியைத் தட்டில் கொட்டுவேன். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அம்மா அரிசி அளந்த அதே பால் டின். பத்து மணிக்கு அம்மா கெம்போங் மீனை (அயிலை) அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைப்பார். சாயங்காலம் நான் மறுபடி அரை டின். ராத்திரி வேலை முடிந்து வரும் மகன், காலைச் சுற்றுகிறதே என்று ஒரு பிடி. இது போதாதென்று பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வேலி இடுக்கு வழியாகக் கோழித்தோல் கொடுப்பார். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாரிடமும் அப்போதுதான் பசியோடு வந்தவன் மாதிரி கத்துவான். பிறகு ஒரு நாள் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு பால் டின் தீனி 150 கிராமுக்கு மேல். மீனையும் கோழித்தோலையும் சேர்க்காமலேயே இரண்டு பூனைக்கான சாப்பாடு.

2022ல் தடுப்பூசிக்குத் தூக்கிப் போனபோது 7.1 கிலோ காட்டியது. "எடையைக் குறைக்கணும்" என்றார்கள். எப்படி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீனி வாங்கும் கடையில் சொன்னேன். பெரிய மூட்டையைப் பிரித்து வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பார்கள், அதில் அளவும் இருக்காது ஒன்றும் இருக்காது. எடை குறைக்கும் தீனி ஒன்றைக் கொடுத்து, "இதை மட்டும் வைங்க. மூனு நாள் திங்காம கிடந்தாலும் பரவாயில்ல, பசிச்சா திங்கும்" என்றார்கள். நம்பினேன். வீட்டில் எல்லாரையும் மிரட்டி வைத்தேன். அம்மா மீன் அவிக்கவில்லை. மக்சிக்கிடமும் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் மோந்து பார்த்துவிட்டுப் போனான். இரண்டாம் நாள் கத்தினான். மூன்றாம் நாள் கத்தவில்லை. வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். நாலாம் நாள் காலை அலமாரிக்கு அடியில் கிடந்தான், வாயோரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் காதைப் பார்த்தேன். வெள்ளைப் பூனைக்குக் காதின் உட்பக்கம் ரோஸ் நிறமாக இருக்கும். அவனுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. ஈறும் மஞ்சள்.

ஈப்போவுக்குக் கொண்டு போனோம். கொழுத்த பூனை திடீரென்று சாப்பிடாமல் கிடந்தால் உடம்பில் உள்ள கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலுக்கு வருமாம். பூனையின் ஈரலால் அவ்வளவையும் சமாளிக்க முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, ஈரல் வேலையை நிறுத்த ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளே போதும் என்றார் டாக்டர். நாய்க்குத் தாங்குவது பூனைக்குத் தாங்காது. மருந்து என்ன என்று கேட்டேன். "சாப்பாடுதான் மருந்து" என்றார். கழுத்துப் பக்கம் தொளை போட்டு உணவுக் குழாயில் ஒரு ரப்பர் குழாய் வைத்து அனுப்பினார். செலவு 1,800 வெள்ளி (ரிங்கிட்). தீபாவளிக்குச் சேர்த்த கூட்டுக் காசு (சீட்டுப் பணம்) போனது.

ஐந்து வாரம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூழாகக் கரைத்த தீனியைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, மெதுவாக, மிக மெதுவாகத் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் நாக்கைச் சுழற்றி வாந்தி எடுப்பான். முடிந்ததும் குழாய் அடைக்காமல் கொஞ்சம் தண்ணீர். நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் அம்மாதான் செய்தார். 73 வயது, கை நடுங்கும், ஆனாலும் ஒரு சொட்டு வெளியே சிந்தியதில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். 34 வருஷம் பால் மரம் சீவியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்தவர். 1960ல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பதைத் தடுக்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். ஆனால் எங்கள் தோட்டம் வேறு கைக்கு மாறியது. கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, பிறகு செம்பனையும் போனது. வீடு கட்டித் தருகிறோம் என்று வாயால் சொன்னார்கள், தாளில் எழுதவில்லை. கடைசியில் ஒரு செக்கும் காலி செய்யும் தேதியும்தான் கிடைத்தன. சட்டி பானை, சாமி படம், தையல் மெஷின் எல்லாம் லாரியில் ஏறின. லயத்துப் பூனைகள் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அம்மா ஒரு மாதம் தினமும் பஸ் ஏறிப் போய், பூட்டிய லயத்துக்கு முன்னால் சோறு வைத்துவிட்டு வந்தார். மிஞ்சிய கடைசிக் குட்டிதான் வெள்ளையன். கத்தும் பூனைக்கு அவரால் எப்படிப் போடாமல் இருக்க முடியும்? 34 வருஷ உழைப்புக்கு ஒரு கூரை கொடுக்காதவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் உங்கள் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். காலையில் அன்றைய தீனியைச் சமையல் தராசில் நிறுத்து ஒரு மூடி போட்ட டப்பாவில் கொட்டிவிடுவேன். யார் போட்டாலும் அந்த டப்பாவிலிருந்துதான், டப்பா அம்மா பொறுப்பில். மக்சிக்கூட அதிலிருந்துதான் தீனியில் பத்து மணியை எடுத்துக் கொடுப்பார். தட்டை ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் வைத்தால் எறும்பு ஏறாது.

மீன் கொடுக்கலாம், கொஞ்சமாக, தொட்டுக்க மாதிரி. மீனும் சோறும் மட்டுமே போட்டு வளர்க்க முடியாது. பூனைக்கு டாரின் என்ற சத்து தினமும் வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். மீனை அவித்துத் தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சத்தில் நிறைய தண்ணீரோடு போய்விடும். குழம்பில் பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். "தோட்டத்துப் பூனை எல்லாம் குழம்புச் சோறு தின்னுதான் வளந்துச்சு" என்பார்கள். அவை பாதி வயிற்றை எலியால் நிரப்பின, எத்தனை வயது வரை இருந்தன என்று யாரும் எண்ணவும் இல்லை.

தீனியை மாற்றுவதென்றால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும், 7 கிலோ பூனைக்கு 70 கிராம். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள்: உங்கள் புறங்கையைத் தடவுவது போல் இருந்தால் சரி, உள்ளங்கை போல் இருந்தால் கொழுப்பு, மடக்கிய முட்டி போல் இருந்தால் மெலிவு. ஒரு முழு நாள் ஒன்றும் தின்னவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வெள்ளையன் தேறிய பிறகு, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே குறைக்க ஆரம்பித்தோம். 6.3லிருந்து இறங்க ஐந்து மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவேன், பிறகு தனியாக ஏறுவேன், கழித்துச் சொல்வேன். அம்மா சமையலறைக் காலண்டரில் எழுதுவார். இந்த வாரம் 5.2.