லசானியா ஏன் தண்ணீர் விடுகிறது?

கேள்வி: பேரனுக்காக லசானியா செய்தேனுங்க. வெட்டினால் துண்டாக வரவில்லை, அடியில் தண்ணீர் நின்று கூழாகிவிட்டது. எங்கே தப்பு? இது எந்த ஊர்ப் பலகாரம்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தப்பு தக்காளியில்தான் இருக்கும் அம்மா. நாட்டுத் தக்காளி நிறைய நீர் விடும், அதனால் வெங்காயம், பூண்டோடு போட்டு, கரண்டியால் வழித்தால் சட்டியின் அடி ஒரு நொடி தெரிகிற அளவுக்குச் சுண்ட விடுங்கள். வெள்ளை சாஸுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் அரை லிட்டர். மைதாவை வெண்ணெயில் பச்சை வாசம் போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் தோசை மாவுப் பதத்துக்கு வரும். சாஸ், பாஸ்தா தகடு, சீஸ் என்று அடுக்கி 180 டிகிரியில் 40 நிமிடம். அப்புறம், வெளியே எடுத்த உடனே கத்தி வைக்காதீர்கள். கால் மணி நேரம் ஆறினால்தான் அடுக்கு இறுகும்.

ஊர் இத்தாலி. போலோனியாவில் பசலைக்கீரை சேர்த்த பச்சைத் தகடு, கொத்துக்கறிக் குழம்பு, வெள்ளை சாஸ்; நேப்பிள்ஸில் ரிக்கோட்டா சீஸும் சின்னச் சின்னக் கறி உருண்டையும். 14ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றில் வேகவைத்த மாவுத் தகடுகளுக்கு நடுவே சீஸும் மசாலாப் பொடியும் மட்டும்தான், ஏனென்றால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி இத்தாலிக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். அந்தப் பழைய முறையிலும் ஒரு தடவை செய்து பாருங்கள், பேரனுக்குப் பிடிக்கும்.