வறண்ட காட்டின் ஊதா ஆஸ்டர்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், வறண்ட ஓக் காடுகளில் பூக்கும் ஆஸ்டர்களைப் (சாமந்தி மாதிரி பூக்கும் காட்டுச் செடிகள்) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

செப்டம்பர் கடைசி. வெயில் விழும் காய்ந்த மேட்டில் ஊதாப் பூ. இலைக்குக் காம்பே இல்லை. இது என்ன?

அநேகமாக லேட் பர்ப்பிள் ஆஸ்டர், அறிவியல் பெயர் சிம்ஃபியோட்ரிகம் பேட்டன்ஸ். பூவை விடுங்கள், நிறத்தை நம்பி ஆஸ்டரைப் பிரிக்கவே முடியாது. இலையடியைப் பாருங்கள். காதுமடல் மாதிரி இரண்டு மடல்கள் தண்டைச் சுற்றி வளைத்து, பின்பக்கம் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும். தண்டு இலையைத் துளைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இலையை விரலால் தடவினால் சொரசொரக்கும். அப்புறம் பூ வரும் கிளையைக் கவனியுங்கள். மெலிந்த கிளை, அதில் குட்டிக் குட்டி இலைகள், நுனியில் பெரும்பாலும் ஒரே பூ.

நியூ இங்கிலாந்து ஆஸ்டரும் தண்டைத் தழுவுமே?

தழுவும். ஆனால் அதன் இதழ்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் 50-க்கு மேல் இருக்கும். பேட்டன்ஸில் ஏறக்குறைய 20-தான். நியூ இங்கிலாந்து ஆஸ்டர் ஈர மண்ணை விரும்பும், இலைகளும் நெருக்கமாக இருக்கும். பூவின் அடியில் இருக்கும் பச்சைச் செதில்களில் பிசுபிசுப்பான சுரப்பி முடிகளும் உண்டு.

என் செடியின் இலை வழவழப்பாக, சாம்பல் பூத்த பச்சையாக இருக்கிறது.

அப்படியானால் ஸ்மூத் ஆஸ்டராக இருக்கலாம்.

அடி இலைகளுக்கு மட்டும் காம்பு இருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

நல்லவேளை, அடி இலைகளையும் பார்த்தீர்கள்! காம்பு தண்டைத் தொடும் இடத்தில் அகன்று தழுவினால் அது வேவி-லீஃப் ஆஸ்டர், அறிவியல் பெயர் சிம்ஃபியோட்ரிகம் உண்டுலாட்டம். பூக்கும் நேரத்துக்குள் அடி இலைகள் காய்ந்துவிடுவதும் உண்டு. அதனால் படம் எடுக்கும்போது தண்டின் அடி, நடு, நுனி மூன்றையும் எடுங்கள்.

ஒரே செடியில் சில பூக்களின் நடுவட்டம் மஞ்சள், சிலவற்றில் செம்பழுப்பு. கலப்பினமா?

இல்லை. வயதான பூ நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.

பழைய கையேட்டில் 'ஆஸ்டர் பேட்டன்ஸ்' என்று இருக்கிறதே?

அதே செடிதான். 1994-இல் நெசம் என்ற தாவரவியலாளர் வட அமெரிக்க ஆஸ்டர்களில் பெரும்பாலானவற்றை வேறு பேரினங்களுக்கு மாற்றினார்.

மே மாதத்திலேயே இதே மாதிரி பூத்ததே?

அது ஆஸ்டர் மாதிரியே தெரியும் வேறு செடியான ஃப்ளீபேனாக இருக்கும். பூவைத் திருப்பிப் பாருங்கள்: செதில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம் என்றால் ஃப்ளீபேன், ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கடுக்காக இருந்தால் ஆஸ்டர்.