காசு கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜூலை முதல் தேதி சேமிப்புக் கணக்கில் 1 லட்சம் ரூபாய் இருந்தது. 31-ம் தேதி 80,000 எடுத்தேன். வட்டி 2.5%. செப்டம்பர் கடைசியில் 625 ரூபாய் வரும் என்று பார்த்தால், 290தான் வந்திருக்கிறது. வங்கி குறைத்துவிட்டதா?

பதில்: இல்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்புக்குத்தான் வட்டி. 30 நாள் 1 லட்சம், 62 நாள் 20,000. நாள் எண்ணிக்கையையும் இருப்பையும் பெருக்கிக் கூட்டினால் 42,40,000. அதை 2.5-ஆல் பெருக்கி 36,500-ஆல் (365 நாள் × 100) வகுத்தால் 290.41, முழு ரூபாயாக்கி 290. 31-ம் தேதி எந்த நேரத்தில் எடுத்திருந்தாலும் அன்றைய இருப்பு 20,000தான்.

2010 மார்ச் வரை மாதத்தின் 10-ம் தேதி முதல் கடைசி நாள் வரையுள்ள மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி. அந்த முறையில் உங்கள் ஜூலை மாதமே 20,000-க்குச் சுருங்கியிருக்கும்!

கேள்வி: வருடத் தொடக்கத்தில் 50,000, முடிவில் 80,000. வளர்ச்சி 60 சதவீதமா?

பதில்: நீங்கள் போட்ட பணம் வளர்ச்சி ஆகாது. பாஸ்புக்கில் வட்டி வரவுகளை மட்டும் கூட்டுங்கள். அதை வருடத்தின் சராசரி தினசரி இருப்பால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். காலாண்டுக்கு ஒருமுறை வரவு வைக்கும் 2.5% கணக்கில் சுமார் 2.5 வரும்; பணத்தைத் தொடாமல் விட்டு, தொடக்க இருப்பால் வகுத்தால் சுமார் 2.52. வட்டிக்கு வட்டி லட்சத்துக்கு 24 ரூபாய், அவ்வளவுதான். சராசரி இருப்பால் வகுத்தும் 2.5-ஐவிடக் கூடுதலாக வந்தால், சம்பள வரவு ஏதாவது கூட்டலில் கலந்திருக்கும்.